காப்புரிமைச் சுவடிகளும் விஞ்ஞானக் கருவிகளின் வரலாறும்: ஒரு மூலாதார விமர்சனம்

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் கருத்துகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கோபர்நிக்கஸ் என்ன எண்ணினார், நியூட்டன் எதனை நிறுவினார் போன்ற வினாக்களுக்கு அவர்களின் நூல்களும் கடிதங்களும் விடை பகர்கின்றன. ஆயின், அக்கருத்துகளைச் சோதித்தறிய உதவிய கருவியை யார் செய்தார், எந்தப் பட்டறையில் செய்தார், அதன் நுட்பத்தை யாரிடம் கற்றார் என்று கேட்கப் புகுந்தால் மூலாதாரங்கள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. பித்தளையையும் கண்ணாடியையும் பாதரசத்தையும் கையாண்ட வினைஞர்களுள் பெரும்பாலானோர் நூல் எழுதியவர்கள் அல்லர். அவர்களது கைவண்ணம் நூதனசாலைகளில் எஞ்சியுள்ளது. அவர்களது சொல் எஞ்சவில்லை.

இக்குறையை ஈடுசெய்யக்கூடிய ஆதாரமாக வரலாற்றாசிரியர்கள் பலர் பழைய காப்புரிமைப் பதிவுகளை நோக்குகின்றனர். அவற்றின் கவர்ச்சி எளிதில் விளங்கக்கூடியது. ஒரு காப்புரிமையில் பெயர் உண்டு, தேதி உண்டு, பல சமயங்களில் தொழிலும் ஊரும் உண்டு, பிற்காலப் பதிவுகளில் வரைபடமும் விளக்கமும் உண்டு. அரச முத்திரை பெற்ற ஆவணம் என்பதால் அதன் நம்பகத்தன்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணமும் உடன் சேர்ந்துவிடுகின்றது. இவ்வெண்ணத்தையே இக்கட்டுரையில் நாம் சோதனைக்கு உட்படுத்த விரும்புகின்றோம். காப்புரிமைப் பதிவு பொய்ச்சாட்சி அன்று. ஆனால் அது எந்த வினாவுக்கு விடையாக எழுதப்பட்டதோ அந்த வினாவுக்கு மட்டுமே நேர்மையாக விடையளிக்கும். வேறு வினாவை அதனிடம் கேட்டுவிட்டு, கிடைத்த விடையை வரலாறு எனக் கொள்வதிலேதான் பிழை தொடங்குகின்றது.

திறந்த மடல்

காப்புரிமையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லின் மூலப்பொருள் 'திறந்த மடல்' என்பதாகும். முத்திரையை உடைக்காமலேயே எவரும் வாசிக்கத்தக்கதாக, அரசன் தன் குடிகள் யாவரையும் விளித்து எழுதும் மடல் அது. பதவி, நிலம், சலுகை என எதனையும் அத்தகைய மடலால் வழங்கலாம். புதிய தொழிற்கலைக்கான உரிமை என்பது அச்சலுகைகளுள் ஒன்று, அவ்வளவே. இங்கிலாந்தில் 1449ஆம் ஆண்டு ஆறாம் ஹென்றி மன்னர், யூட்டினம் நகர ஜோன் என்பவருக்கு வண்ணக் கண்ணாடி செய்யும் கலைக்காக 20 ஆண்டு உரிமை வழங்கினார். வெனிஸ் குடியரசு 1474ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் தேதி இயற்றிய சட்டமே இச்சலுகையைப் பொது விதியாக்கியது. புதிய பொறியொன்றை அமைத்துப் பதிவு செய்பவருக்கு 10 ஆண்டுகள் பாதுகாப்பு என்பது அதன் சாரம். கலிலியோ 1594இல் நீர் இறைக்கும் பொறியொன்றுக்கு அக்குடியரசிடம் 20 ஆண்டு உரிமை பெற்றமை பதிவில் உள்ளது.

இங்கிலாந்தில் எலிசபெத் அரசியின் காலத்திலும் அவருக்குப் பின்வந்த முதலாம் ஜேம்ஸ் மன்னரின் காலத்திலும் இம்மடல்கள் அரசவைச் செல்வாக்குள்ளோரின் வருமான வழியாகச் சீரழிந்தன. உப்பும் விளையாட்டுச் சீட்டும் கூடத் தனியுரிமைப் பொருள்களாயின. மக்களின் மனக்குறை நாடாளுமன்றத்தை எட்டவே, 1624ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டம் இத்தகைய உரிமைகளைப் பொதுவாகச் செல்லாதவையாக்கி, புதிய உற்பத்தி முறையின் 'முதலாவதும் உண்மையானதுமான' புனைவாளருக்கு 14 ஆண்டு உரிமை என்பதை மட்டும் விதிவிலக்காக நிறுத்திக்கொண்டது.

இங்கு வரலாற்று மாணவர் நின்று கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்றுண்டு. ஆங்கிலச் சட்டத்தின் நோக்கில், வேற்று நாட்டில் வழக்கிலிருந்த கலையொன்றை முதன்முதலாக நாட்டுக்குள் கொண்டுவந்தவரும் புனைவாளரே. நாட்டுக்குப் புதிய தொழில் கிடைக்க வேண்டும் என்பதே சட்டத்தின் அக்கறை. அதனை உலகில் முதலில் எண்ணியவர் யார் என்பது அன்று. எனவே ஆங்கிலக் காப்புரிமையில் ஒருவரின் பெயரைக் கண்டவுடன் 'இவரே கண்டுபிடித்தவர்' என்று எழுதுவது, ஆவணம் சொல்லாத ஒன்றை அதன் வாயில் இடுவதாகும்.

மறுக்கப்பட்ட விண்ணப்பம்

விஞ்ஞானக் கருவிகளுள் தலையாயதான தொலைநோக்கியின் வரலாறு, வழங்கப்பட்ட காப்புரிமையிலிருந்து அன்றி, மறுக்கப்பட்ட காப்புரிமையிலிருந்தே தொடங்குகின்றது. மிடல்பர்க் நகரத்து மூக்குக்கண்ணாடி வினைஞரான ஹான்ஸ் லிப்பர்ஷே, தொலைவிலுள்ளவற்றை அண்மையிற் காட்டும் கருவியொன்றுக்கு உரிமை கோரிச் சமர்ப்பித்த விண்ணப்பம், 1608ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி ஹேக் நகரில் நெதர்லாந்துப் பொது மன்றத்தின் முன் வந்தது. 30 ஆண்டு உரிமை, அன்றேல் ஆண்டுதோறும் ஓய்வூதியம் என்பது அவரது வேண்டுகோள். மன்றத்தின் குழுவினர் கருவியைச் சோதித்தனர். இரு கண்களாலும் நோக்கத்தக்கதாக அதனை அமைத்துத் தருமாறு கேட்டனர். அதற்கென 900 கில்டர் வழங்க உடன்பட்டனர். ஆயினும், அதே அக்டோபர் மாதத்திலேயே அல்க்மார் நகரின் யாகோப் மேட்டியஸ் என்பவரும் தாம் அத்தகைய கருவியை அறிந்துள்ளதாக விண்ணப்பித்தார். மிடல்பர்க்கிலேயே மற்றொரு இளைஞரும் இக்கலையை அறிந்துள்ளார் என்ற செய்தியும் எட்டியது. டிசம்பரில் மன்றம் எடுத்த முடிவு தெளிவானது: இவ்வறிவு பலரிடம் இருப்பதால் தனியுரிமை வழங்குவதற்கில்லை.

லிப்பர்ஷேக்கு உரிமை வழங்கப்பட்டிருப்பின் நமக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒரு பெயரும் ஒரு தேதியுமே. பாடநூல்கள் அவரைத் 'தொலைநோக்கியின் தந்தை' எனப் பொறித்து அமைந்திருக்கும். மறுப்பு நிகழ்ந்ததால் கிடைத்திருப்பது அதனினும் பெறுமதியானது. ஒரே பருவத்தில், ஒரே நாட்டில், ஒருவருக்கு மேற்பட்ட வினைஞர்களின் கைகளில் அக்கருவி உருவாகியிருந்தது. வில்லை தேய்க்கும் தொழில் அந்த எல்லையை எட்டியிருந்தது. போரில் ஈடுபட்டிருந்த அரசு அதன் படைப் பயனை உடனே உணர்ந்தது. இவ்வளவையும் அம்மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்புகளே நமக்குச் சொல்கின்றன. கருவியின் வரலாற்றைத் தேடுபவர் வழங்கப்பட்ட உரிமைகளின் பட்டியலோடு நின்றுவிடலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

வுட்கிராஃப்டின் பட்டியல்: பயனும் மயக்கமும்

இன்று ஆங்கிலக் காப்புரிமைகளை ஆராயும் எவரும் பெனட் வுட்கிராஃப்ட் என்பவரின் தோள்மீது ஏறியே நோக்குகின்றார். 1852ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னர் இங்கிலாந்தில் காப்புரிமை அலுவலகம் என்று ஒன்று இருக்கவில்லை. விண்ணப்பதாரர் அலுவலகம் அலுவலகமாக அலைந்து, ஒவ்வொரு படியிலும் கட்டணம் செலுத்தி முத்திரை பெற வேண்டியிருந்தது. எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கின்ஸ் 1850இல் ஓர் ஏழைத் தொழிலாளியின் வாயிலாக இந்த அலைச்சலை எள்ளி நகையாடிக் கதையொன்று எழுதினார். விளக்கவுரைகளோ நீதிமன்றத் துறையின் வெவ்வேறு பதிவகங்களில் தோற்சுருள்களாகச் சிதறிக் கிடந்தன. நெசவுத் தொழிலிலிருந்து வந்தவரும், தாமே புனைவாளரும், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொறியியற் பேராசிரியராகப் பணியாற்றியவருமான வுட்கிராஃப்ட், இச்சுருள்களைக் கால வரிசை, பெயர் வரிசை, பொருள் வரிசை என மூவகையாக அட்டவணைப்படுத்தினார். 1617 முதல் 1852 வரையிலான 14,359 காப்புரிமைகள் அவரது பட்டியலில் இடம்பெற்றன. 1850களில் அவை அச்சேறின. பழைய விளக்கவுரைகளும் தொடர்ந்து அச்சிடப்பட்டன. தென் கென்சிங்டனில் அவர் வளர்த்த காப்புரிமை நூதனசாலை, பின்னாளில் லண்டன் விஞ்ஞான நூதனசாலையின் வேர்களுள் ஒன்றாயிற்று.

இப்பெரும் உழைப்பை மதிக்காதவர் எவரும் இரார். எனினும், பட்டியல் என்பது கண்ணாடி அன்று. அது ஒரு நூல். அதற்கென ஒரு காலமும் நோக்கமும் உண்டு. வுட்கிராஃப்ட் வரலாற்றாசிரியருக்காக எழுதவில்லை. தம் கால விண்ணப்பதாரருக்காகவும் வழக்கறிஞருக்காகவுமே எழுதினார். 'இது முன்னரே பதிவாகியுள்ளதா?' என்பதே அவரது பட்டியல் விடையளிக்க முயன்ற வினா. இதனை மறந்து அதனைப் பயன்படுத்துவோர் மூன்று மயக்கங்களுக்கு ஆளாகின்றனர்.

முதலாவது, எண்களின் மயக்கம். 'ஆங்கிலக் காப்புரிமை இலக்கம் 1' என்று எழுதும்போது அதுவே நாட்டின் முதற் காப்புரிமை என்ற எண்ணம் எழுகின்றது. அவ்விலக்கங்கள் வுட்கிராஃப்ட் இட்டவை. மூல மடல்களில் அவை இல்லை. 1617க்கு முற்பட்ட எலிசபெத் காலத்து மடல்கள் அவரது பட்டியலுக்குள் வரவேயில்லை. அவரது இலக்கம் 1, நில அளவையாளரான ஏரன் ராத்போர்ன் என்பவரும் ரோஜர் பர்ஜஸ் என்பவரும் நகரங்களின் வரைபடங்களைச் செதுக்கி அச்சிடப் பெற்ற உரிமையாகும். அதற்கு முந்திய ஆண்டில் நில அளவைக் கலை பற்றி நூலெழுதிய அதே ராத்போர்ன்தான் இவர். தற்செயலாக இந்த 'முதல்' மடல் கருவி வரலாற்றுக்கு அண்மையில் நிற்பது உண்மை. ஆனால் அதற்கு வரலாற்று முதன்மை எதுவும் கிடையாது.

இரண்டாவது, வகைப்பாட்டின் மயக்கம். பொருள் வரிசைப் பட்டியல் விக்டோரியா காலத்துத் தொழிற் பிரிவுகளின்படி அமைந்தது. கணிதக் கருவி, ஒளியியற் கருவி, கடற்பயணக் கருவி, கடிகாரம் என்ற தலைப்புகள் 17ஆம் நூற்றாண்டு வினைஞருக்குப் பொருந்துவன அல்ல. ஒரே பட்டறையில் கடிகாரமும் பாரமானியும் செய்தவர் அக்கால வினைஞர்.

மூன்றாவது, தொகையின் மயக்கம். ஒரு பத்தாண்டில் கருவிக் காப்புரிமைகள் பெருகியிருந்தால் அப்பத்தாண்டில் புனைவாற்றல் பெருகியது என முடிவு செய்வது எளிது. பெருகியது வழக்காடும் விருப்பமாகவும் இருக்கலாம். கட்டணத்தைச் செலுத்தும் வசதியாகவும் இருக்கலாம். 1852க்கு முன் இங்கிலாந்துக்கு மட்டுமே 100 பவுணுக்கு மேலும், ஸ்கொட்லாந்தையும் அயர்லாந்தையும் சேர்த்தால் 300 பவுணுக்கு மேலும் செலவாயிற்று. அவ்வாண்டின் சட்டம் தொடக்கக் கட்டணத்தை 25 பவுணாகக் குறைத்ததும் பதிவுகள் பன்மடங்காயின. ஒரே ஆண்டில் நாட்டின் மூளைத்திறன் பன்மடங்காகிவிட்டது என எவரும் கூறார்.

சொல்லாமல் விட்டவை

பட்டியலிலிருந்து மூல மடலுக்குச் சென்றாலும் இடர் தீர்வதில்லை. லண்டனின் புகழ்பெற்ற கடிகார வினைஞரான டேனியல் குவேர் 1695இல் எடுத்துச்செல்லத்தக்க பாரமானிக்கு உரிமை பெற்றார். தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு துளிப் பாதரசமும் சிந்தாது, குழாயினுள் காற்றும் புகாது என்பது அம்மடல் விளம்பும் சிறப்பு. அதனை எவ்வாறு சாதித்தார் என்பது குறித்து மடல் ஒரு சொல்லும் கூறவில்லை. கூற வேண்டிய கடப்பாடும் அன்று இருக்கவில்லை. விளக்கவுரை சமர்ப்பிக்கும் வழக்கம் 1711ஐ ஒட்டியே தலைகாட்டி, 1730களில் பொது வழக்காகியது. கலை தெரிந்த வேறொருவர் வாசித்துச் செய்யத்தக்கதாக அவ்விளக்கம் நிறைவாக அமைய வேண்டும் என்பது 1778ஆம் ஆண்டின் லியார்டே எதிர் ஜோன்சன் வழக்கில் மான்ஸ்பீல்டு பிரபுவின் நிலைப்பாட்டினாலேயே உறுதிப்பட்டது.

ஆகவே குவேரின் நுட்பத்தை அறிய அவரது பெயர் பொறித்து எஞ்சியுள்ள பாரமானிகளையே நாட வேண்டியுள்ளது. அதே வேளை, லண்டன் கடிகார வினைஞர் சங்கம் இவ்வுரிமையை எதிர்த்து, இதன் பொருட்டு வழக்குக்கு ஆளாகும் தன் உறுப்பினர்களுக்குத் துணைநிற்க முன்வந்தது. அந்த எதிர்ப்பு, மடல் மறைத்த செய்தி ஒன்றை வெளிப்படுத்துகின்றது: பாரமானி செய்யும் கலை அப்போதே பலரது பிழைப்பாயிருந்தது.

டொலண்டின் வழக்கு

இத்துறையில் காப்புரிமையின் வலிமையையும் வலுவின்மையையும் ஒருங்கே காட்டும் நிகழ்வு நிறப்பிறழ்ச்சியற்ற வில்லையின் கதையாகும். தனி வில்லை ஒளியை வளைக்கும்போது ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு அளவில் வளைவதால், பிம்பத்தின் ஓரங்களில் வண்ணக் கறை படிகின்றது. இக்குறை நீக்கவியலாதது என்பது நியூட்டனின் செல்வாக்கால் நிலைபெற்றிருந்த கருத்து. பட்டு நெசவாளராயிருந்து தம் மகனின் கண்ணாடிக் கருவித் தொழிலிற் சேர்ந்த ஜோன் டொலண்ட், கிரவுன் கண்ணாடியையும் பிளின்ட் கண்ணாடியையும் இணைத்து அக்கறையைக் களைந்தார். 1758இல் அவரது சோதனைகளை அரச கழகம் வெளியிட்டது. அக்கழகத்தின் கொப்லி பதக்கமும் அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் காப்புரிமையும் கிடைத்தது. செலவுக்குப் பணம் தந்து பங்காளியானவர் பிரான்சிஸ் வொட்கின்ஸ் என்ற வினைஞர். மடலில் இருப்பதோ டொலண்டின் பெயர் மட்டுமே. பின்னர் இப்பங்காண்மையும் முறிந்தது.

மடலை மட்டும் வாசிப்பவருக்குக் கதை இத்துடன் நிறைவுறும். ஜோன் டொலண்ட் 1761இல் மறைந்ததும் மகன் பீட்டர் உரிமையை இறுக்கமாக நடைமுறைப்படுத்த முற்பட்டார். 1764இல் லண்டனின் 35 கண்ணாடிக் கருவி வினைஞர்கள் அரசரின் ஆலோசனை மன்றத்துக்கு முறையிட்டனர். எசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த வழக்கறிஞரான செஸ்டர் மூர் ஹோல் என்பவர், டொலண்டுக்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன்னரே இத்தகைய வில்லையைச் செய்வித்திருந்தார் என்பது அவர்களின் வாதம். அவ்வில்லைகளைத் தேய்த்துக் கொடுத்தவர் ஜோர்ஜ் பாஸ் என்ற வினைஞர். இரகசியத்தைக் காக்கும் பொருட்டு ஹோல் இரு கண்ணாடிகளையும் இரு வெவ்வேறு கடைகளில் ஒப்படைக்க, அவ்விரு கடைகளும் வேலையைப் பாஸிடமே அனுப்பின என்று மரபாகக் கூறப்படும் செய்தி, அக்காலத் தொழிலின் அமைப்பையே நமக்குப் படம்பிடித்துக் காட்டுகின்றது. கடையின் பெயர் ஒன்று, உழைத்த கை வேறொன்று.

1766இல் சாம்ப்னிஸ் என்ற வினைஞர்மீது பீட்டர் தொடுத்த வழக்கில் காப்புரிமையே வென்றது. ஹோல் முன்னரே அறிந்திருந்தார் என்பது தடையாகக் கொள்ளப்படவில்லை. அவர் அதனைப் பொதுப் பயனுக்கு வெளியிடவில்லை, டொலண்டோ வெளியிட்டார் என்பதே தீர்ப்பின் அடிப்படை. இவ்வழக்கின் முழுமையான அறிக்கை அக்காலத்தில் அச்சாகவில்லை. 1795இல் நீராவி இயந்திரம் தொடர்பான வழக்கொன்றில் நீதிபதி இதனை எடுத்துக்காட்டியதன் வாயிலாகவே அத்தீர்ப்பின் நியாயம் பரவலாக அறியப்படலாயிற்று. அதாவது, புகழ்பெற்ற இத்தீர்ப்பின் வாசகமும் நமக்கு ஒரு தலைமுறை கடந்த அறிவிப்பாகவே வந்து சேர்கின்றது. அறிவிப்பாளர் வரிசையை ஆராயும் பழக்கமுள்ள நம் வாசகர்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்நிகழ்வு தரும் படிப்பினை யாது? 'முதல்வர்' என்பது சட்டத்தில் ஒரு பொருளையும் வரலாற்றில் வேறொரு பொருளையும் தருகின்றது. சட்டம் உரிமையை ஒருவருக்கு மட்டுமே வழங்க முடியும். எனவே அது ஒருவரைத் தேர்ந்தாக வேண்டும். வரலாற்றுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஹோலின் சிந்தனை, பாஸின் கை, டொலண்டின் சோதனை, வொட்கின்ஸின் பணம், பீட்டரின் வணிகத்திறன் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே அவ்வில்லை. மடல் இவ்வைந்தில் ஒன்றை மட்டுமே பெயரிடுகின்றது. எஞ்சியவற்றை அறிவித்தவை முறையீட்டு மனுவும் வழக்குமே. காப்புரிமையை விடக் காப்புரிமைமீது எழுந்த பிணக்கே சிறந்த மூலாதாரம் என்று நாம் கூறுவது இதனாற்றான்.

பதிவில் இல்லாதவை

காப்புரிமைச் சுவடியில் தேடிக் காணாததை 'இல்லை' எனக் கொள்வது மற்றொரு பிழை. 18ஆம் நூற்றாண்டின் மிகச் சிறந்த கருவி வினைஞரான ஜெஸ்ஸி ராம்ஸ்டன், வட்ட அளவுகோல்களில் நுண்ணிய பிரிவுக் கோடுகளைப் பொறிக்கும் இயந்திரத்தை அமைத்தார். கடலில் கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவி சிறிதாகவும் துல்லியமாகவும் மலிவாகவும் மாறியது இதன் பயனே. இதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. நெடுங்கோட்டு வாரியம் அவருக்கு 615 பவுண் வழங்கி, இயந்திரத்தின் விளக்கத்தை 1777இல் நூலாக வெளியிட்டது. பிற வினைஞர்களுக்குக் கற்பிக்க வேண்டும், அவர்களின் கருவிகளைக் குறித்த கட்டணத்தில் பொறித்துத் தர வேண்டும் என்பன நிபந்தனைகள். ஜோன் ஹரிசனின் கடற்காலமானியும், ஹம்ப்ரி டேவியின் சுரங்கப் பாதுகாப்பு விளக்கும் அவ்வாறே காப்புரிமைப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. கலிலியோ தம் படைத்துறைக் கவராயத்துக்குக் காப்புரிமை நாடவில்லை. 1606இல் கையேடு ஒன்றை அச்சிட்டார். பல்தசார் காப்ரா என்பவர் 1607இல் அதனைத் தமதெனக் காட்டி லத்தீனில் நூலெழுதியபோது, பல்கலைக்கழக ஆட்சியாளரிடம் முறையிட்டு அந்நூலைப் பறிமுதல் செய்வித்தார். நூல் அங்கே உரிமைப் பத்திரமாயிற்று.

மறுபுறம், காப்புரிமை பெற்றும் பயனடையாதவர் உளர். டேவிட் புரூஸ்டர் 1817இல் வண்ணக்காட்சிக் குழலுக்கு, அதாவது கலைடாஸ்கோப்புக்கு உரிமை பெற்றார். எளிதில் செய்யத்தக்க அக்கருவியை வினைஞர்கள் யாவரும் செய்து விற்றனர். லண்டனிலும் பாரிசிலும் மூன்று மாதங்களில் 200,000 விற்பனையாயின என்பது புரூஸ்டரே கூறும் கணக்கு. அவருக்குக் கிடைத்ததோ சொற்பம்.

பெயர்களும் ஏமாற்றக்கூடும். திரவமின்றி இயங்கும் அனிராய்டு பாரமானியை அமைத்தவர் பிரெஞ்சுக்காரரான லூசியன் விடி. 1844ஆம் ஆண்டின் ஆங்கிலக் காப்புரிமையிலோ ஃபொன்டைன்மொரோ பிரபு என்ற பெயரே காணப்படுகின்றது. அவர் புனைவாளர் அல்லர். வெளிநாட்டார் சார்பில் உரிமை பெற்றுத் தரும் முகவர். பட்டியலை மட்டும் நம்பி எழுதுபவர் முகவருக்கு மாலை சூட்டிவிடுவார்.

சுவடிகளுக்கும் விபத்துகள் நேர்வதுண்டு. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 1836ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் தேதி தீக்கிரையானபோது, 1790 முதல் வழங்கப்பட்ட ஏறத்தாழ 10,000 காப்புரிமைகளின் ஆவணங்களும் பல்லாயிரம் மாதிரி உருவங்களும் அழிந்தன. உரிமையாளரிடமிருந்த பிரதிகளைக் கொண்டு மீட்கப்பட்டவை அவற்றில் ஒரு பகுதியே. இன்று கணினித் திரையில் 1790 எனத் தொடங்கும் வரிசை தடையற்றதாய்த் தோன்றினும், அதன் நடுவே சாம்பல் உள்ளது.

பொறிக்கப்பட்ட கையொப்பம்

கருவிகளின் வரலாறு காப்புரிமை வழங்கிய நாடுகளோடு தொடங்கியதன்று. அரபு, பாரசீக, இந்திய நாடுகளில் நூற்றாண்டுகளாக வானியற் கருவிகள் செய்யப்பட்டன. அங்கு தனியுரிமை மடல் என்ற வழக்கம் இருக்கவில்லை. எனினும் அங்கும் யார் செய்தார் என்ற நினைவு காக்கப்பட்டது. அஸ்தர்லாபின் பின்புறத்தில் 'இதனைச் செய்தவர் இன்னார்' என்ற அறபு வாசகமும் ஹிஜ்ரி ஆண்டும் பொறிக்கப்படுவது மரபு. ஹுமாயூன் மன்னர் காலத்து லாஹூர் வினைஞர் அல்லாஹ்தாதின் வழிவந்தோர், தம் பெயருடன் தந்தை, பாட்டன் பெயர்களையும் கருவியிலேயே பொறித்தனர். நான்கு தலைமுறைகள் நீண்ட அக்குடும்பத்தின் வரலாறு பெரும்பாலும் அவ்வெழுத்துகளிலிருந்தே மீட்கப்பட்டுள்ளது.

நூல்களும் இப்பணியை ஆற்றின. அஸ்தர்லாபின் வகைகளை விவரிக்கும் அல்-பீரூனி, படகு வடிவ அஸ்தர்லாபை அமைத்தவர் அஸ்-ஸிஜ்ஸீ எனப் பெயர் சுட்டி உரைக்கின்றார். தியார்பக்கிரின் ஆர்துக்கிய அரசவையில் பணியாற்றிய அல்-ஜஸரீ, 1206இல் நிறைவு செய்த தம் நூலில் 50 பொறியமைப்புகளை, பாகம் பாகமாக, செய்முறையோடு விவரித்தார். தமக்கு முன்னோரின் முயற்சிகளையும் குறிப்பிட்டார். டொனால்ட் ஹில் 1974இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு, அவ்விளக்கங்கள் மீளச் செய்து பார்க்கத்தக்கவை என்பதை உலகறியச் செய்தது. குவேரின் மடல் மறைத்ததை அல்-ஜஸரீயின் நூல் விரிக்கின்றது.

இதனைக் கொண்டு ஒரு மரபு உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது எனத் தீர்ப்புக் கூறுவது நமது நோக்கமன்று. அஸ்தர்லாபின் கையொப்பமும் ஆசானின் பெயரையே தாங்குகின்றது. பித்தளையை உருக்கி வார்த்த கையை அதுவும் பெயரிடவில்லை. ஒவ்வொரு மூலாதாரமும் சிலரை நினைவில் வைத்துச் சிலரை மறக்கின்றது. காப்புரிமை கட்டணம் செலுத்தியவரை நினைவில் வைக்கின்றது. கையொப்பம் பட்டறைத் தலைவரை நினைவில் வைக்கின்றது. நூல் எழுதத் தெரிந்தவரை நினைவில் வைக்கின்றது.

நம் எழுத்துகளுக்கு ஒரு சொல்

இவ்வாராய்ச்சி நம் வாசகர்க்கு அந்நியமானதன்று. முஸ்லிம் அறிஞர்களின் விஞ்ஞானப் பணிகள் பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை 'முதன்முதலில் கண்டுபிடித்தவர்' என்ற பட்டியலாகவே அமைந்துவிடுகின்றன. மறக்கப்பட்டதை மீட்க வேண்டும் என்ற நியாயமான தூண்டுதலே அதன் காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், 'முதல்வர் யார்?' என்ற அந்த வினா எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 14 ஆண்டு இலாபத்தை யாருக்கு வழங்குவது எனத் தீர்மானிக்க வேண்டியிருந்த ஒரு சட்டத்துக்கு அவ்வினா இன்றியமையாதது. அச்சட்டத்தின் வாரிசாக வந்த வரலாற்று நூல்கள், ஒரு கருவிக்கு ஒரு தந்தை என்ற வழக்கத்தை நிலைநாட்டின. அதே அளவுகோலை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி எழுதுவது, மறதியைச் சரிசெய்வதாகாது. லாஹூரின் பட்டறைகளையும் மிடல்பர்க்கின் பட்டறைகளையும் ஒருசேர இருளில் விடுவதாகும். அஸ்-ஸிஜ்ஸீயின் பெயரை அல்-பீரூனி குறித்தது உரிமை வழங்குவதற்காக அன்று. அறிவு யாரிடமிருந்து பெறப்பட்டது என்ற அமானிதத்தை நிறைவேற்றுவதற்காகவே.

ஆகவே காப்புரிமைச் சுவடியை அணுகும் ஆய்வாளர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்வது நன்று. அதிலுள்ள தேதி உரிமையின் தேதி; கருவியின் பிறந்த நாள் அன்று. அதிலுள்ள பெயர் உரிமையாளரின் பெயர். அவர் புனைந்தவராகவோ, பணம் இட்டவராகவோ, முகவராகவோ இருக்கலாம். 1730களுக்கு முந்திய மடலில் நுட்பத்தைத் தேடுவது வீண். கருவியில் 'காப்புரிமை பெற்றது' என்ற சொல் பொறித்திருப்பின், அக்கருவி அவ்வுரிமைக்கு முற்பட்டதன்று என்பதை மட்டுமே கொள்ளலாம். உரிமை காலாவதியான பின்னரும் விற்பனைக்கு உதவும் சொல்லாக அது நீடிப்பதுண்டு. மறுக்கப்பட்டவை, எதிர்க்கப்பட்டவை, வழக்கிற் சிக்கியவை ஆகியவற்றை முதலில் வாசிக்க வேண்டும். இறுதியாக, எழுத்து கூறுவதை எஞ்சியிருக்கும் கருவியோடு ஒப்புநோக்க வேண்டும். ஏனெனில் குவேரின் பாரமானியில் பாதரசம் உண்மையிலேயே சிந்தாதிருந்ததா என்பதை அரச முத்திரை சொல்லாது, பாரமானிதான் சொல்லும்.